மூச்சை அடக்கிய கடைத்தெரு

மார்ச் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, விஸ்கான்சினின் ஹார்விக் ஊரில் கடைத்தெருக் கட்டடங்கள் பதினைந்தில் பதினான்கு மூச்சை உள்ளிழுத்து வயிற்றை எக்கிக்கொண்டன. இருபத்தைந்து அடி அகலமிருந்த நகைக்கடை ஆறடி ஆனது. வங்கி ஒன்பதடி. கட்டடங்களுக்கு நடுவே புதிதாய்த் திறந்த சந்துகளில் ஆறு தெரிந்தது. கடைத்தெருவுக்குப் பின்னால் அது ஓடுவதைப் பலர் அன்றுதான் பார்த்தார்கள்.

தவறு அறிவிப்பில்தான். பூந்தொட்டிக்கும் பனி அள்ளுவதற்கும் கிறிஸ்துமஸ் விளக்குக்குமாகக் கடைக்காரர்கள் சேர்ந்து கட்டும் மேம்பாட்டுக் கட்டணத்தைப் பத்தாண்டுக்கு ஒருமுறை திருத்தியாக வேண்டும். மொத்தத் தொகை மாறாது. தெருவைப் பார்த்த முகப்பு எத்தனை அடியோ அந்தக் கணக்கில் பிரிப்பார்கள். அளக்கும் நாளை மூன்று வாரம் முன்பே ஒவ்வொரு சுவரிலும் ஒட்ட வேண்டும் என்பது சட்டம். ஒட்டினார்கள். சுவர் படிக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வெர்னா ஸ்டோலாரிக்கின் சிற்றுண்டிக்கடை மட்டும் முப்பதடியில் ஓர் அங்குலமும் குறையாமல் நின்றது. அளவுச் சக்கரத்தை உருட்டி வந்த நகராட்சி அளவையாளர் கிளைட் ஹூக்ஸ்ட்ராவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மூணு தடவ உருட்டிட்டேன் வெர்னா. மொத்தமே நூத்தி இருபதடிதான் வருது. அதுல கால்வாசி உங்க கடை."

"அப்போ தெருவுல கால்வாசிய நான் கட்டணுமா? உங்களுக்குக் கண்ணு இருக்கா இல்லையா? நேத்து அந்த வங்கி எவ்ளோ பெருசு!"

"கண்ணு இருக்கு. படிவத்துல கண்ணுக்குக் கட்டமில்ல. சக்கரத்துக்குத்தான் இருக்கு."

கையிலிருந்த காப்பிக் குடுவை சாய்ந்து தரையெல்லாம் வழிவதை வெர்னா பார்க்கவே இல்லை. அந்தத் தொகையைக் கட்டக் கடையை விற்பதைத் தவிர வேறு வழியில்லை. வெளியே போய்ச் செங்கல்லில் கை வைத்துக் கெஞ்சினாள்: "ஒரு தடவ இழுத்துக்கோயேன். ஒரு பத்தடி போதும்." சுவர் அசையவில்லை.

எதிர்க்கடையில் முடிவெட்டும் மைலோ பிரான்ட் சிரித்தார். "நாப்பது வருஷமா ஆப்பிள் பை தின்ன கட்டடம், அது எங்க வயித்த இழுக்கும்?"

"வாய மூடு மைலோ. மொதல்ல உன் கடைக்குள்ள நீ நொழஞ்சு காட்டு."

அவர் நுழைந்தார், முழங்கை விரியவில்லை, கத்தரிக்கோலைத் தூக்க முடியவில்லை. சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும் என்றார்கள். ஆனால் மறு அளவீடு கேட்க ஓராண்டு அவகாசம் உண்டென்று அறிவிப்பின் கடைசி வரியில் இருந்தது. கட்டடங்கள் அதையும் படித்திருந்தன. வியாழனன்று நகைக்கடைக்காரர் உள்ளே சிக்கிக்கொண்டார். தீயணைப்புக்காரர்கள் வெண்ணெய் தடவி இழுத்தெடுத்தார்கள்.

சனிக்கிழமை மைலோ தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெர்னாவின் வாசலுக்கு வந்தார்.

"சன்னலோரம் ஒரு நாலடி தருவியா?"

"எத்தன அடி எடுக்குறியோ அத்தன அடிக்கு நீதான் கட்டணும்."

"கட்டுறேம்மா, கட்டுறேன்."

"சூப்புல ஒரு முடி விழட்டும், நாற்காலியோட உன்ன ஆத்துல போட்டுடுவேன்."

அடுத்த வாரம் மேசையோடு வங்கி வந்தது, பிறகு நகைக்கடை, பின்னாலேயே மற்றவர்களும். அடிக்கணக்கில் அவர்கள் தந்தது போக, வெர்னா கட்ட வேண்டியிருந்தது அடுப்படிக்கு மட்டும். ஏழு ஆண்டுகளாகின்றன. அவகாசம் முடிந்தும் கட்டடங்கள் மூச்சை விடவில்லை. அப்படியே பழகிவிட்டன போலும். ஹார்விக்கில் காசோலை மாற்றப் போகிறவர்கள் முடியையும் வெட்டிக்கொண்டு, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். மற்ற பதினான்கிலும் புறாக்கள் ஒற்றை வரிசையில் குடியிருக்கின்றன.