பேட்டரிக் கொட்டகை

டேனியலின் கான்டெஸா கிளம்பினால் காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கை முழுக்கத் தெரிந்துவிடும். கறுப்பு வண்டி, நீண்ட மூக்கு, பெட்ரோல் இன்ஜின். ஒரு பட்டு முதலாளி வீட்டு ஷெட்டில் வருஷக்கணக்காகத் தூங்கிக் கிடந்ததை வாங்கிவந்து, கார்புரேட்டரை மாற்றி, சைலன்சரைத் தானே வெட்டி ஒட்டி, அதை உறும வைத்தவன் அவன். தொண்ணூறுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் அந்த வண்டிதான் முன்னால் போகும். முகூர்த்தம் இல்லாத நாட்களில், விடியும் நேரத்தில், பெங்களூர் நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோய் முழு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பான். அவன் மனைவி பிரவீனா ஒரு தடவை கூடப் போனாள். வழி நெடுக கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் பண்ணினாள். இறங்கியதும், "இன்னாத்துக்கு இந்த வேகம், சாவறதுக்கா?" என்று கேட்டாள். அவன் சிரித்தான்.

பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போனது. கல்யாண வீட்டுக்காரர்கள் ஏசி வைத்த புது வண்டி கேட்டார்கள். இரண்டாயிரத்து ஏழில் கான்டெஸா டேனியலின் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. வாரத்துக்கு ஒருமுறை தார்ப்பாயை விலக்கி, சும்மா ஸ்டார்ட் பண்ணி, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு அணைப்பான்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒருநாள்தான் முரளீதரன் வந்தார். சின்ன காஞ்சிபுரத்தில் வரதர் கோயிலுக்குப் பக்கத்தில் வீடு. ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் பிரிவு ஆசிரியர். அவருடைய ஸ்கூட்டரை டேனியல்தான் எப்போதும் பார்ப்பான்.

"டேனியல், இந்த வண்டியில ஒரு மோட்டார் வெச்சா என்னப்பா?" என்றார். "ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு கம்பெனி ஏலத்துல பாரம் தூக்கற வண்டியோட மோட்டார் ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன். பேட்டரில ஓடற மோட்டார். உன் வண்டி பாடி இரும்பு மாதிரி இருக்கு. பேட்டரி பாரத்தைத் தாங்கும்."

"இன்ஜின?"

"கழட்டணும்."

டேனியல் கதவைத் திறந்து வெளியே வந்தான். "அதக் கழட்டிட்டா அப்புறம் இதுல இன்னா சார் இருக்குது?"

முரளீதரன் விடவில்லை. அடுத்த சில மாதங்கள், சாயங்காலம் தோறும் வந்தார். பெட்ரோல் வண்டிகளின் காலம் முடிகிறது என்றார். இதை ஓட்டிக் காட்டினால் பெரிய கம்பெனிகள் தேடி வரும், உன் பேரும் என் பேரும் சேர்ந்து வரும் என்றார். வந்த புதிதில் தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டுவருவார். பிறகு எப்போதோ அது நின்றுபோய், பிரவீனா போடும் டீயைக் குடிக்க ஆரம்பித்தார். டேனியல் அதைக் கவனித்தான். மனசு இளகியது அதனால்தானா, அந்த வண்டி இனி எப்படியும் ரோட்டுக்கு வராது என்ற எண்ணத்தாலா என்று அவனுக்கே தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போய்வந்ததும், யாரையும் கூப்பிடாமல், தனியாக இன்ஜினைக் கழற்றினான். சங்கிலியில் தொங்கிய இன்ஜினிலிருந்து எண்ணெய் சொட்டி நிற்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றான்.

வேலை ஒரு வருஷம் பிடித்தது. மோட்டாரை கியர் பாக்ஸோடு இணைக்கும் தகட்டை டேனியல் மூன்று தடவை செய்தான். டிக்கியில் லாரி பேட்டரிகளை வரிசையாக அடுக்கினார்கள். ஒர்க்‌ஷாப்பை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை போட்டு, சார்ஜ் ஏற்றும் இடமாக்கினார்கள். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து வாயு கிளம்பும், ஒரு பொறி பட்டால் வெடிக்கும் என்று முரளீதரன் சொன்னார். கதவு திறந்தே இருக்கவேண்டும். முதலில் சார்ஜர் சுவிட்சை அணைக்கவேண்டும், அப்புறம்தான் பேட்டரியிலிருந்து கிளிப்பைக் கழற்றவேண்டும். அதைச் சுவரில் சாக்பீஸால் எழுதியும் வைத்தார்.

முதல் ஓட்டம் மாகறல் வரைக்கும். வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்தது. மாகறல் கோயில் தெருவில் மாடுகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹாரன் அடித்து விலக்கவேண்டியிருந்தது.

"ஓடுதா, நிக்குதான்னே தெரியல சார்," என்றான் டேனியல். திரும்பி வரும்போது வயலில் தவளைகள் கத்துவது காருக்குள் கேட்டது. பாலாற்றுப் பாலத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தான். வண்டி எகிறிக்கொண்டு போனது. பழைய வேகம் இல்லை, ஆனால் வேகம்தான். அவன் முகத்தைப் பார்த்து முரளீதரன் சிரித்தார். அன்றைக்கு இருவரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

இரண்டாயிரத்து எட்டு நவம்பரில், வண்டியைப் பார்க்க சென்னையிலிருந்து கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். அந்த வருஷம் தினமும் பல மணி நேரம் மின்வெட்டு. அன்றைக்கு மழை வேறு. காலையில் கரண்ட் போய், மத்தியானம்தான் வந்தது. வந்தவர்கள் ஒர்க்‌ஷாப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டியைக் கொட்டகைக்குள் விட்டு சார்ஜ் போட்டிருந்தார்கள். சாரல் உள்ளே அடித்ததால் கதவைச் சாத்தியிருந்தார்கள்.

டேனியல் டிக்கிக்குள் குனிந்து ஒவ்வொரு பேட்டரியாக மூடியைத் திறந்து, தண்ணீர் மட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். முரளீதரன் வேகமாக உள்ளே வந்தார். "போதும்பா, அவங்க கிளம்பணுங்கறாங்க. இருக்கற சார்ஜுல ஓட்டிக் காட்டிடலாம்."

டேனியல் நிமிர்ந்தான். சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முரளீதரனின் கை கிளிப்பை நோக்கிப் போவதைப் பார்த்தான். "சார்" என்று சொல்ல வாயைத் திறந்தான்.

வெடித்த சத்தம் ஓரிக்கை முழுக்கக் கேட்டது.

முரளீதரனுக்குக் கை வெந்தது. டேனியலின் முகத்தில் ஆசிட் அடித்திருந்தது. பிரவீனா குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரியிலிருந்து சென்னைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு மாதம் அங்கே இருந்தான். இரண்டு கண்ணும் போய்விட்டது என்று டாக்டர் பிரவீனாவிடம்தான் சொன்னார். டேனியலிடம் அவள் சொல்லவேண்டியிருந்தது.

விபத்து நடந்த அன்றே, ஆஸ்பத்திரி வராந்தாவில், ஒரு ஏட்டு வந்து முரளீதரனிடம் எப்படி நடந்தது என்று கேட்டார். பாலிடெக்னிக் முதல்வரும் பக்கத்தில் நின்றார். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு முரளீதரன் முதல்வரை ஒருமுறை பார்த்தார். பிறகு, "பீடி பத்த வெச்சாரோன்னு நினைக்கறேன்," என்றார். "நான் சரியாப் பார்க்கலை."

எழுதப்பட்டபோது அந்த 'நினைக்கறேன்' விட்டுப்போனது. டேனியல் பீடி பற்ற வைத்ததால் விபத்து என்று முடிந்தது.

டேனியல் கல்யாணத்துக்கு முன்னால் பீடி பிடித்தவன்தான். ஞானஸ்நானம் எடுத்த அன்று, ஓரிக்கை ஜெப வீட்டில் எல்லார் முன்பும் எழுந்து நின்று, இனி தொடுவதில்லை என்று சாட்சி சொன்னவன். பத்து வருஷத்துக்கு மேலாயிற்று. சென்னையிலிருந்து கருப்புக் கண்ணாடியோடு அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தபோது, சபைக்காரர்கள் வந்து பார்த்தார்கள். ஜெபம் பண்ணினார்கள். போகும்போது ஒரு அம்மாள், "ஆண்டவர் கிட்ட சொன்ன வார்த்தைய மீறக்கூடாது பா. அவரு பாத்துக்கினுதான் இருக்காரு," என்று அவன் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

டேனியல் பிரவீனாவைக் கூப்பிட்டான். "அந்தம்மா இன்னா சொல்லுது?"

அவளுக்கும் அதுவரை தெரியாது. விசாரித்துக்கொண்டு வந்து சொன்னாள். அவன் ராத்திரி சாப்பாட்டைத் தொடவில்லை.

மறுநாள் காலை பிரவீனா சின்ன காஞ்சிபுரம் போனாள். முரளீதரனின் மனைவி பூமா கதவைத் திறந்தாள். உள்ளே வரச் சொன்னாள். பிரவீனா வாசற்படியிலேயே நின்றாள்.

"சார் கைய பாக்க வரலமா. ஒரு வார்த்த கேக்க வந்தேன். எங்க வீட்டுக்காரரு பீடி குடிச்சாருன்னு சார் சொன்னாராமே. அவரு தொட்டு எத்தினி வருஷம் ஆவுது. கொட்டாயில ஒரு தீப்பெட்டி கூட கெடையாது. கண்ணு போனது போச்சு. இப்ப சபையில தலை நிமுந்து ஒக்கார முடியாம பண்ணிட்டாரு. ஞாயித்துக்கிழம சார் அங்க வந்து, நடந்தத சொல்லட்டும். வேற ஒண்ணும் வாணாம்."

அவள் போனபிறகு பூமா கூடத்துக்கு வந்தாள். முரளீதரன் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது.

"ஏன்னா, அவர் பீடி பிடிச்சாரா?"

முரளீதரன் ஊஞ்சலைக் காலால் உந்தினார்.

"கேக்கறேனே."

"இல்லே."

"பின்னே என்ன நடந்தது?"

"சுவிட்ச அணைக்காம கிளிப்ப எடுத்துட்டேன். நான்தான்." கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பிரின்சிபால் பக்கத்துலயே நின்னுண்டிருந்தார் பூமா. எலக்ட்ரிக்கல் வாத்தியார், சுவிட்ச அணைக்காம கை வெச்சேன்னு எப்படிச் சொல்லுவேன். வேலை போயிடும்."

"போனா போறது," என்றாள் பூமா. "அந்தப் பொண்ணு வாசல்ல நின்னு கேட்டுட்டுப் போறா. இனிமே அந்த வாசல்ல நான் எப்படிக் கோலம் போடறது? போய்ச் சொல்லிட்டு வாங்கோ."

ஞாயிற்றுக்கிழமை அவர் போனார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சின்ன ஜெப வீடு. எல்லாரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நெற்றியில் திருமண்ணோடு ஒருவர் உள்ளே வந்ததும் பேச்சு நின்றது. சாட்சி சொல்லும் நேரம் வந்ததும் பாஸ்டர் அவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

முரளீதரன் எழுந்தார். "டேனியல் பீடி பத்த வைக்கலை," என்றார். "தப்பு என்னுது. சார்ஜர் ஓடிண்டிருக்கும்போது நான் கிளிப்ப எடுத்தேன். பொறி வந்தது. பழியை அவர் மேல போட்டேன். பயந்துட்டேன்." நின்றுகொண்டே இருந்தார். யாராவது சாட்சி சொல்லி முடித்தால் "ஸ்தோத்திரம்" என்று எல்லாரும் சேர்ந்து சொல்வது வழக்கம். அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. தலையைத் தடவிவிட்டுப் போன அந்த அம்மாள் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

ஆராதனை முடிந்து வெளியே வேப்பமரத்தடியில் டேனியல் நின்றான். பிரவீனாவின் தோளில் அவன் கை இருந்தது. முரளீதரன் எதிரில் வந்து நின்றார். செருமினார். அந்தச் செருமலை வைத்தே டேனியல் ஆளைக் கண்டுகொண்டான்.

"சார். அன்னிக்கு என் கண்ணுல கடேசியா பட்டது உங்க கைதான். நான் யார் கிட்டயும் சொல்லல. ஆஸ்பத்திரில எத்தினியோ பேரு கேட்டாங்க. தெரியலன்னுட்டேன்."

"ஏன்பா?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்." டேனியலின் குரல் உயரவே இல்லை. "அவசரத்துல கை போயிடுச்சு. அது எனக்கும் ஆகும், யாருக்கும் ஆகும். அத நான் என்னிக்கும் கேக்க மாட்டேன். பீடின்னு சொன்னீங்க பாரு. அது அவசரத்துல வர்றதில்ல சார்."

முரளீதரன் அழுதார். ஜனங்கள் ஒதுங்கிப் போனார்கள்.

"போலாம்," என்றான் டேனியல், பிரவீனாவிடம். வழியில் ஒரு சின்னக் கால்வாய். அவள் நின்று சொன்னாள். அவன் காலால் துழாவிப் பார்த்துத் தாண்டினான்.

முரளீதரன் சபையில் பேசியது ஒரு வாரத்தில் பாலிடெக்னிக்குக்கு எட்டியது. வேலையை விட்டு விலகிக்கொள்ளச் சொன்னார்கள். முரளீதரனும் பூமாவும் சென்னைக்குக் குடிபோனார்கள். வந்திருந்த கம்பெனிக்காரர்கள் பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை. கான்டெஸாவைப் பழைய இரும்புக் கடைக்காரர் வந்து எடுத்துப்போனார். அவர் வந்த நாளில் டேனியல் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டான். பிரவீனா ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாள். கம்பெனி பஸ் விடியுமுன் வரும். அவள் போனபிறகு அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பழகினான். அடுப்பை மட்டும் அவள் தொடவிடவில்லை.

சபையில் யாரும் அவனை இப்போது தப்பாகப் பேசுவதில்லை. முன்வரிசையில் இடம் கொடுக்கிறார்கள். பாஸ்டர் ஒருமுறை வீட்டுக்கு வந்து, அந்த சாரை மன்னித்துவிட்டாயா என்று கேட்டார். பார்க்கலாம் என்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாரும் சேர்ந்து ஜெபம் சொல்லும்போது அவனும் சத்தமாகச் சொல்கிறான். எங்களுக்குத் தப்பு செய்தவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல என்ற வரி வரும்போது மட்டும் அவன் உதடுகள் அசைவதில்லை. பிரவீனா அதைக் கவனித்தாள்.