ஜாடியில் எத்தனை பொத்தான்

என் தங்கையைக் கட்டியவர் தப்பெண்ணத்தில் பேராசிரியர். மனிதர்கள் காரணமே இல்லாமல் ஒருவரையொருவர் ஏன் மட்டமாக நினைக்கிறார்கள் என்பதைக் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்திச் சம்பளம் வாங்குகிறார். எங்கள் ஜவுளிக்கடையில் தாத்தா காலத்திலிருந்து அதைத்தான் செய்துவந்தோம். படியேறுகிற ஆளின் செருப்பைப் பார்த்தே எந்த அலமாரியைத் திறப்பது என்று முடிவு செய்துவிடுவோம். கல்லாவில் உட்கார்ந்து செய்தால் அது வியாபாரம். கரும்பலகை முன்னால் நின்று சொன்னால் சமூக உளவியல்.

கடை அண்ணன்மார் கைக்குப் போனபின், மாப்பிள்ளை வேலை பார்க்கும் கல்லூரியிலேயே கேன்டீனைக் குத்தகைக்கு எடுத்தேன். அவருடைய சிபாரிசு என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அவர் சிபாரிசு செய்தால் கிடைக்கிற குத்தகையும் கிடைக்காமல் போகும். நானே மல்லுக்கட்டிப் பேரம் பேசி வாங்கியது அது.

அந்த வருடம் துறைத் தலைவர் ஓய்வுபெறவிருந்தார். அந்த நாற்காலிமேல் மாப்பிள்ளைக்கு வெகுநாளாகக் கண். என் தங்கைக்கோ கண்ணும் கையும். தலைவர் அறையின் சன்னலை அளவெடுத்துத் திரைச்சீலையே தைத்து முடித்துவிட்டாள்.

"மூணு பேர் கமிட்டி வருதாம் அண்ணா. இவர் கிளாஸ்ல உக்காந்து பாப்பாங்களாம். பிடிச்சா நாற்காலி இவருக்கு, இல்லன்னா வெளியாளு. நீ பாட்டுக்கு எதையாவது பேசிக் கெடுத்து வெக்காத" என்றாள்.

நான் ஏன் கெடுக்க வேண்டும்? அதற்குத்தான் படித்தவர் ஒருவர் வீட்டிலேயே இருக்கிறாரே.

தப்பெண்ணம் என்ற பாடத்தைத் தொடங்கவிருந்த நாளில் மாப்பிள்ளை கேன்டீனுக்கு வந்தார்.

"மச்சான், பெரிய கண்ணாடி ஜாடி ஒண்ணு வேணும். உள்ள எண்ண முடியாத மாதிரி ஏதாவது போட்டுக் குடுங்க."

பிஸ்கட் ஜாடியைக் கழுவினேன். அண்ணன் கடையில் உடைந்ததும் ஜோடி சேராததுமான பொத்தான்கள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. கை போன போக்கில் அள்ளிக் கொட்டி எடுத்துவந்தேன். எத்தனை என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. வகுப்பில் ஜாடியைக் காட்டி, எத்தனை பொத்தான் இருக்கும் என்று பிள்ளைகளை எழுதித்தரச் சொல்லியிருக்கிறார். அவர்களும் நெற்றியைச் சுருக்கி எழுதித் தந்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை என் கேன்டீன் மேசையில் பிள்ளைகளின் பெயர்ச்சீட்டுகளைப் பரப்பினார். காலி பிஸ்கட் டின் இரண்டு கேட்டார். சீட்டுகளைக் கலைத்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, இதில் ஒன்று அதில் ஒன்றாகப் போட்டார்.

"யாரு எவ்வளவு எழுதினாங்கன்னு பாக்கலியா மாப்ளே?"

"அது எதுக்கு? அந்தக் காகிதமெல்லாம் குப்பைக்குப் போயாச்சு. இந்த டின்ல இருக்கறவங்க எண்ணிக்கையைக் கூட்டிச் சொன்னவங்க, அந்த டின்ல இருக்கறவங்க குறைச்சுச் சொன்னவங்கன்னு சும்மா அடிச்சு விடப்போறேன். ஒண்ணுமில்லாத வித்தியாசத்துக்கும் மனுஷன் கட்சி கட்டுவான்னு காட்டத்தான் இது. கொஞ்ச நேரம் ஆட விட்டுட்டு, 'எல்லாம் பொய், குலுக்கிப் போட்டது'ன்னு சொல்லிடணும். முடிச்சுப் போட்டவன் அன்னிக்கே அவுக்கணும். அதுதான் மச்சான் எங்க தொழில் தர்மம்."

தொழில் தர்மம் என்ற சொல்லை எங்கள் கடையிலும் அடிக்கடி கேட்டிருக்கிறேன். அடுத்து விலை ஏறப்போகிறது என்று அர்த்தம்.

மதியம் முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார். "பிச்சிக்கிட்டாங்க மச்சான்! ஆளுக்குப் பத்து மார்க் கொடுத்து மத்தவங்களுக்குப் பிரிச்சுக் குடுங்கன்னேன். ஒருத்தன் விடாம தன் கட்சிக்கே அள்ளிக் குடுத்தான்!"

"முடிச்சை அவுத்துட்டீங்களா?"

டீயை ஊதினார். இன்னொரு முறை ஊதினார். "அது வந்து... கமிட்டி வர்ற அன்னிக்கு அவுக்கலாம்னு பாக்கறேன். அதுவரைக்கும் நல்லா ஊறட்டும். அவங்க கண்ணு முன்னாடி நான் ஒரு வார்த்தை சொல்றேன், அத்தனை பிள்ளைங்களும் 'அட, நாமளா இப்படி'ன்னு வெக்கப்படுது. எப்படி இருக்கும் சொல்லுங்க!"

"விலை ஏறட்டும்னு வெங்காயத்தைப் பதுக்கினவன் கதை தெரியுமா மாப்ளே? கடைசில மூட்டையைத் தூக்கறதுக்கே ஆள் வரல, அவ்வளவு நாத்தம்."

"இது வெங்காயம் இல்ல, மனசு."

"அப்போ இன்னும் சீக்கிரம் நாறும்."

கேட்டாரா? என் பேச்சைக் கேட்டால் பேராசிரியருக்கு என்ன மரியாதை?

படித்த பிள்ளைகள் எத்தனை வேகமாகக் கெட்டுப்போகும் என்பதைப் பார்க்க என் கேன்டீனைவிட நல்ல இடம் கிடையாது. முதலில் சன்னல் பக்க மேசைகள் கூட்டல்காரர்களுக்கு, சுவர்ப்பக்க மேசைகள் கழித்தல்காரர்களுக்கு என்று ஆனது. பிறகு குணங்கள் முளைத்தன. கூட்டல் என்றால் வாய்ச்சவடால், கடன் வாங்கித் திருப்பாத கூட்டம். கழித்தல் என்றால் கஞ்சம், பொறாமை, பின்னால் பேசுகிற புத்தி. ஒரே வகுப்பில் ஒன்றாய்க் கொட்டாவி விட்ட பிள்ளைகள்தான் அத்தனையும். வேடிக்கை என்னவென்றால், அதே பாடத்துக்குப் பரீட்சையும் இருந்தது. சன்னலோரம் ஒரு கூட்டம், சுவரோரம் ஒரு கூட்டம், ஒன்றையொன்று முறைத்தபடி உட்கார்ந்து 'தப்பெண்ணத்தின் தீமைகள்' என்ற பகுதியை மனப்பாடம் செய்தன.

அந்த வகுப்பில் இரட்டைச் சகோதரிகள் இருந்தார்கள். ஒரே முகம், ஒரே குரல். மூத்தவள் தலையில் சிவப்புக் கிளிப், இளையவள் தலையில் கறுப்புக் கிளிப். அது இல்லாவிட்டால் பெற்ற தாயே தடுமாறுவாள். தினமும் ஒரு டீ வாங்கி இரண்டு டம்ளரில் பிரித்துக் குடிப்பார்கள். டின் குலுக்கலில் மூத்தவள் கூட்டலில் விழுந்தாள், இளையவள் கழித்தலில் விழுந்தாள். அதன்பின் இரண்டு டீ. வியாபாரிக்கு இதில் நஷ்டமில்லைதான். இருந்தாலும் கேட்டேன்.

"தங்கச்சி எங்கம்மா?"

"அவங்க ஆளுங்களோட இருப்பா அண்ணே. சின்னதுலேருந்தே அவ அப்படித்தான். எதைக் குடுத்தாலும் இவ்வளவுதானான்னு கேப்பா. ஏன்னு எங்களுக்கு இப்பதான் புரிஞ்சுது."

சின்னவளிடம் டம்ளரை நீட்டியபோது அவள் தன் பங்குக்கு, "அக்காவா? காய்ச்சல்னா டைஃபாய்டும்பா, மழைன்னா வெள்ளம்பா. ரத்தத்துலயே கூட்டல்" என்றாள். ஒரே வயிற்றில் ஒட்டிக்கொண்டு கிடந்தவர்களுக்கு இரண்டு வகை ரத்தம்! பொத்தான் ஜாடிக்கு இவ்வளவு சக்தி என்று தெரிந்திருந்தால் கடை அண்ணன்மார் கைக்குப் போகாமல் காப்பாற்றியிருக்கலாம்.

மாப்பிள்ளையிடம் சொன்னேன். ரசித்துக் கேட்டார். பிறகு சுவரோரம் இருந்த ஒரு நெட்டைப் பையனைக் கண்ணால் காட்டி, "அவன் கழித்தல்தான? நினைச்சேன். கட்டுரை எழுதச் சொன்னா ரெண்டு பக்கத்துல முடிச்சுடறான்" என்றார்.

"மாப்ளே, அவன் சீட்டை அந்த டின்ல போட்டதே நீங்கதான்."

"அது தெரியும் மச்சான். இருந்தாலும் பாருங்களேன், எவ்வளவு பொருத்தமா இருக்கு!"

அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது. சொந்தச் சரக்கையே காசு கொடுத்து வாங்கும் வியாபாரியை நான் அதுவரை பார்த்ததில்லை.

கமிட்டி வந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழுத்துச் சங்கிலியில் தொங்கவிட்ட ஒரு தலைவியம்மா, எங்கே உட்கார்ந்தாலும் கண் சொக்குகிற ஒரு பருத்த மனிதர், எதற்கும் உதட்டைப் பிதுக்குகிற ஓர் ஒல்லி மனிதர். மூவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். நான் டீத்தட்டோடு பின்னால் நின்றேன். மேசைமேல் ஜாடி. மாப்பிள்ளை புதுச்சட்டை, தங்கையின் இஸ்திரி, மடிப்பில் விரலை வைத்தால் வெட்டும்.

"இத்தனை நாளா உங்களை நான் ஏமாத்தினேன்" என்று கையை விரித்தார். "கூட்டலும் இல்ல, கழித்தலும் இல்ல. உங்க விடையை நான் படிக்கவே இல்ல. பேரைக் குலுக்கி ரெண்டு டின்ல போட்டேன், அவ்வளவுதான். இப்ப உங்களுக்கு என்ன தோணுது?"

வெட்கத்துக்காகக் காத்திருந்தார். வகுப்பு அவரைப் பரிதாபமாகப் பார்த்தது.

நெட்டையன் எழுந்தான். "புரியுது சார். பெரியவங்க வந்திருக்காங்க. சண்டை இல்லன்னு காட்டணும். சமாதானம் பண்றீங்க."

"சமாதானம் இல்லப்பா, நிஜம்!"

"குலுக்கிப் போட்டா இவ்வளவு கரெக்டா எப்படி சார் விழும்?" என்றாள் சிவப்புக் கிளிப். "இவளையே எடுத்துக்குங்க. அசல் கழித்தல்."

"இந்த ஒரு விஷயத்துல மட்டும் அவ சொல்றது சரி சார்" என்றாள் கறுப்புக் கிளிப். "அவளும் அசல் கூட்டல்."

வாரக்கணக்கில் பேசாதிருந்த சகோதரிகள் ஒத்துப்போனது அந்த ஒரே இடத்தில்தான்.

மாப்பிள்ளைக்கு வியர்த்தது. கடைசி வரிசையைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடி மூக்குக்கு ஏறியிருந்தது. "சாட்சி இருக்கு! மச்சான், சொல்லுங்க. உங்க கண்ணு முன்னாடிதானே போட்டேன்?"

"ஆமாம்பா" என்றேன். "என் பிஸ்கட் டின்தான். சீட்டைப் பாக்காமதான் போட்டார்."

"அண்ணே, நீங்க பேசாதீங்க" என்றது சன்னலோரம் ஒரு குரல். "நீங்க ஊத்தற டீ டம்ளர்ல பாதிதான் வருது. நீங்க கழித்தல்னு காலேஜுக்கே தெரியும்."

வகுப்பு கூரை அதிரச் சிரித்தது. பருத்த மனிதருக்கே விழிப்பு வந்தது. இரண்டு கட்சியும் சேர்ந்து சிரித்தன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஒற்றுமைக்கு ஒரு கேன்டீன்காரன் கிடைத்தால் போதும்.

"சார், நாங்க கழித்தல்தான். அதுல என்ன தப்பு?" என்று நெட்டையன் விடாமல் பிடித்தான். "எதையும் ஊதிச் சொல்லாதவங்க நாங்க. அதைப் பொய்னு சொல்லி எங்க மரியாதையை ஏன் எடுக்கறீங்க?"

நாற்காலி கைநழுவுவதை மாப்பிள்ளை கண்ணால் பார்த்தார். திரைச்சீலையும் மனக்கண்ணில் ஆடியிருக்க வேண்டும். கையை ஓங்கி மேசையில் அடித்தார்.

"உக்காருடா! கழித்தல் புத்தி வேற எப்படி இருக்கும்?"

சன்னலோரம் கைதட்டல் வெடித்தது. நெட்டையன் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு வெளியே நடந்தான். அவன் பின்னால் பாதி வகுப்பும் போனது. மாப்பிள்ளை, வாயிலிருந்து விழுந்த சொல்லைத் தரையில் தேடுகிறவர்போலக் குனிந்து நின்றார்.

முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஜாடியைத் தூக்கிக்கொண்டு கேன்டீனுக்கு வந்தேன். பின்னாலேயே கமிட்டியும் வந்து உட்கார்ந்தது. மூவருக்கும் டம்ளர் நிரம்ப ஊற்றினேன்.

"தகுதியே இல்ல" என்றார் ஒல்லி மனிதர். "பாடம் நடத்தறவரே அப்படித் திட்டலாமா? வெளியாளையே போட்டுடலாம்."

தலைவியம்மா ஜாடியைத் தன் பக்கம் திருப்பினார். "இதுதானா அது? ஒரு ரெண்டாயிரம் இருக்கும்."

"மூவாயிரத்துக்குக் குறையாது மேடம்" என்றார் பருத்தவர்.

"ஐந்நூறு தாண்டாது" என்று உதட்டைப் பிதுக்கினார் ஒல்லி மனிதர்.

மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணப் பேச்சில் பையன் வீட்டார் பார்த்துக்கொள்கிற பார்வை.

"நீங்க எப்பவுமே இப்படித்தான் சார்" என்றார் தலைவியம்மா. "போன வருஷம் லைப்ரரிக்குப் புத்தகம் கேட்டப்பவும் பாதியாக் குறைச்சீங்க."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "மேடம், அது வெறும் குலுக்கல்னு இப்பதானே அவரே சொன்னாரு..."

"அந்தப் பிள்ளைங்களுக்குத்தான்யா குலுக்கல்" என்றார் பருத்தவர். "நாங்க ஜாடியை நேராப் பாத்துல்ல சொல்றோம்?"

"அவர் வகுப்புல திட்டினது?" என்றார் ஒல்லி மனிதர்.

"ஏதோ கோவத்துல ஒரு வார்த்தை" என்றார் தலைவியம்மா, டீயை உறிஞ்சியபடி. "அதுலயும் ஒண்ணும் தப்பாச் சொல்லிடலையே."

இரண்டுக்கு ஒன்று. மாப்பிள்ளை துறைத் தலைவரானார்.

பார்க்கப் போனேன். சன்னலில் திரைச்சீலை. மேசைமேல் என் ஜாடி, கேட்காமலே எடுத்துவந்திருந்தார். "அடுத்த வருஷமும் இதே பாடம்தான் மச்சான். ஆனா அன்னிக்கே அவுத்துடுவேன்" என்றார். ஊதிக் குடிக்கக் கையில் டீ மட்டும்தான் இல்லை.

தங்கை என்னைத் தனியாக அழைத்துப்போனாள். "அண்ணா, இனிமே கேன்டீன்ல டம்ளர் நிறைய ஊத்து. தலைவர் வீட்டு ஆளு கழித்தல்னு நாலு பேர் பேசினா இவருக்குத்தானே அசிங்கம். உன்னைக் குத்தம் சொல்லல. நம்ம பக்கம் யாரும் அப்படிக் கிடையாது. அண்ணி வந்தப்புறம்தான் உனக்கு இந்தப் பழக்கம்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் அப்படியே சொன்னேன்.

"அவங்க குடும்பமே அப்படித்தான்" என்றாள்.

அது என் குடும்பமும்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டம்ளரை முன்னால் வைத்தாள். பாதி டீதான் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.