நீர்த்துப்போன கஞ்சி

மூன்றாவது முறையாக இழை அறுந்ததும் தானியேல் தறிக்குழியை விட்டு எழுந்தான். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் கஞ்சி பிடிக்கவே இல்லை. முந்தின நாள் மனைவி தபிதாள் கெட்டியாகத்தான் காய்ச்சி ஆறவைக்கிறாள். விடிந்து பார்த்தால் தண்ணீராய் ஓடுகிறது. சண்டைக்காலம். பங்கீட்டில் வந்த இந்த நூலும் கெட்டால் வேறு நூல் தரமாட்டேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். மீந்த கஞ்சியைச் சொம்பில் ஊற்றிக்கொண்டு, திருத்தணி ரயிலடிப் பக்கம் கம்பவுண்டராக இருந்த மைத்துனன் ஜோசப்பிடம் போனான்.

ஜோசப் அதில் காயத்துக்குப் போடும் டிஞ்சர் அயோடின் ஒரு சொட்டு விட்டான்.

"நல்ல கஞ்சின்னா கருநீலமாப் பூடும் பாவா. இது செவந்துகினு வருது பாரு."

"அப்டின்னா இன்னா?"

"மாவுன்றது வேற ஒண்ணுமில்ல, சக்கரைதான். கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடி சக்கரை ஆயிரக்கணக்குல கை கோத்துகினு நிக்குது. கோத்துகினு இருக்கறவரைக்கும் இனிக்காது, இழையைக் கெட்டியாப் புடிச்சிக்கும். எச்சி பட்டா கை விட்டுப்பூடும். நக்குன கரண்டியத் திரும்ப உள்ள வுட்டாப் போதும்." ஜோசப் சிரித்தான். "யாரு நக்குனது, நீயா?"

தானியேலுக்குத் தபிதாளின் நினைவு வந்தது. ரேஷன் அரிசியில் பொங்கிய சோற்றை அவன் தட்டில் போட்டுவிட்டு, "நான் அப்பவே துன்ட்டேன்" என்று தினமும் முகம் திருப்பிக்கொள்பவள். பாவுக்கென்று முதலாளி தந்த குருணையில் ஒரு பிடிகூட உலையில் போடமாட்டாள். ராத்திரியில் பசி தாங்காமல் ஆறுகிற கஞ்சியில் ஒரு வாய், பிறகு இன்னொரு வாய்.

"ஆங், நான்தான்" என்றான். "உப்பு இருக்குதான்னு பாத்தேன்."

"பாவுக் கஞ்சிக்கு உப்பா? நல்லா கீது உன் நெசவு."

வீட்டுக்கு வந்ததும் தபிதாளிடம் சொன்னான்: "இனிமே கஞ்சி எறக்குனதும் ரெண்டு டம்ளர் மொண்டு வெச்சிடு. மீதிய மூடிடு, யாரும் தொட வாணாம்."

"எதுக்குங்க?"

"பாவு போடறவங்க குடிக்கத்தான். எனக்கொண்ணு, உனக்கொண்ணு."

அவள் இரண்டு டம்ளர்களைக் கழுவி அடுப்போரம் வைத்தாள்.

அவளை அடக்கம் செய்து இத்தனை வருஷமான பிறகும் தானியேலுக்கு முதலில் நினைவு வருவது அதற்கு அடுத்து வந்த காலைதான். தெருவில் பாவு நீளமாக இழுத்துக் கட்டியிருந்தது. ஒரு முனையிலிருந்து அவன் கஞ்சி தடவிக்கொண்டு வந்தான். மறுமுனையில் தபிதாள் தன் டம்ளரில் பாதியைக் குடித்தாள்; அவன் பார்க்கவில்லை என்று நினைத்து, மீதியை ஓசைப்படாமல் அவன் டம்ளரில் சாய்த்தாள். அவன் குனிந்தபடியே தடவிக்கொண்டிருந்தான். அவர்களுக்கு நடுவே ஈர இழைகள் வெயிலில் மெல்ல விறைத்துக்கொண்டிருந்தன.