சின்னமுத்து உதைத்த பந்து

1951ஆம் வருடம் பங்குனி மாதம் குரங்கணி மைதானத்தில் சின்னமுத்து உதைத்த பந்து இன்னும் தரைக்கு வரவில்லை. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருந்தது. குரங்கணிக்கு ஒன்று, ராசிங்காபுரத்துக்கு ஒன்று. பந்து மேலே போய் மலையிலிருந்து இறங்கிய மூட்டத்துக்குள் நுழைந்தது, அவ்வளவுதான். கால் மணி நேரம் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு சின்னமுத்து, கோட்டுக்கு வெளியே நின்ற அக்காள் ராக்குவிடம், "வெரசா வந்துர்றேன்க்கா" என்று சொல்லிவிட்டு, கூட ஆடிய பத்துப் பேரையும் கூட்டிக்கொண்டு பந்தைத் தேடி மலையேறினான். அவர்களும் திரும்பவில்லை.

நடுவராக நின்றவர் ராக்குவின் கணவர் முனியசாமி. போடியில் ஏலக்காய் மண்டித் தராசுக்காரர். ஒரு காய் கூடினாலும் எடுத்துவிட்டுத்தான் மறுபேச்சு என்கிற மனுசன். பந்து வெளியே போய்விட்டது என்று ராசிங்காபுரத்தார் சொல்ல, இறங்கினால் கோல்தான் என்று குரங்கணிக்காரர்கள் சொல்ல, இரண்டு பக்கமும் கம்பைத் தூக்கிவிட்டார்கள். மண்டைகள் உடையக் கூடாதே என்று முனியசாமி கோயில் வாசலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார்: "இந்த ஆட்டத்துக்கு முடிவு சொல்லி விசில் ஊதாம என் வீட்ல ஒரு நல்லது நடக்காது." சத்தியத்தைக் கேட்டதும் கூட்டம் கலைந்தது. கூட்டத்துக்கென்ன, வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டது. மாட்டிக்கொண்டது, அப்போது ராக்குவின் வயிற்றில் இரண்டு மாதமாக இருந்த வேலுத்தாய்.

அவளுக்குக் காது குத்தவில்லை. வயதுக்கு வந்தபோது சடங்கு வைக்கவில்லை. எழுபத்திரண்டில் பெண் கேட்டு வந்தவர்களிடமும், எழுபத்தாறில் வந்தவர்களிடமும் முனியசாமி ஒரே பதிலைத்தான் சொன்னார்: "பந்து எறங்கட்டும், பேசுவோம்." எழுபத்தெட்டில் கேட்டு வந்த ஜீப்பு டிரைவர் பொன்னுமணி மட்டும் வேறு இடம் பார்க்காமல் மாதா மாதம் வாசலில் வண்டியை நிறுத்தி, "எறங்கிருச்சா மாமா?" என்று கேட்டுவிட்டுப் போனான். வீட்டுச் சுவரில் முருகனுக்குப் பக்கத்தில் பதினோரு பேர் நிற்கும் படம் இருந்தது. வெள்ளிக்கிழமை அதற்கும் சாம்பிராணி உண்டு. முனியசாமி ஒவ்வொருவர் பேராகச் சொல்லி, மூன்றாவதாக நிற்கும் சின்னமுத்துவிடம் வந்ததும் குரல் இளகிச் சொல்வார்: "உன் மாமன் காலு அது காலா ஆத்தா? காத்து!" மண்டியில் நாள் முழுக்கக் காய் பொறுக்கிவிட்டு வந்த வேலுத்தாய் மூளிக்காதோடு அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

மலையில் அவர்கள் இருந்தார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஏலத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் மூட்டத்தில் அவ்வப்போது பார்ப்பார்கள். அட்டை கடித்த கால்களோடு வரிசையாக வந்து, "பந்தப் பாத்தீங்களா?" என்று கேட்பார்கள். "பாவங்கள்" என்று மலையாளத்துக் கங்காணி இரக்கப்பட்டு, பாலில்லாத கட்டன்சாயா கொஞ்சம் கொடுப்பார். பார்த்தவர்கள் அதை ஊரில் வந்து சொல்வார்கள், மழை பெய்ததைச் சொல்வது போல.

எண்பத்தொன்று ஐப்பசியில் வேலுத்தாய்க்கு முப்பது முடிந்தது. அன்று காலையில் அவள் வேலைக்குப் போகவில்லை. பொன்னுமணியின் ஜீப்பில் ஏறி, "மேல விடு" என்றாள். பாதை முடிந்த இடத்தில் இறங்கி நடந்தாள். மத்தியானவாக்கில் மூட்டத்துக்குள்ளிருந்து பதினோரு பேரும் வந்தார்கள். சாயம் போன பனியன், ஒட்டிய வயிறு, மீசைகூடச் சரியாக முளைக்காத முகங்கள். அடக் கடவுளே, இந்தப் பயல்களுக்கா முப்பது வருசம் சாம்பிராணி போட்டோம் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பந்தப் பாத்தீகளாக்கா?" என்று மூன்றாவதாக வந்தவன் கேட்டான்.

"அக்காவா? நான் ராக்கு மக."

சின்னமுத்து சிரித்தான். "எங்கக்காவுக்குக் கல்யாணம் முடிஞ்சே நாலு மாசந்தான ஆகுது?" பிறகு அவள் முகத்தில் அக்காளின் மூக்கைப் பார்த்தான். காதைப் பார்த்தான். "ஏன் காது மூளியாக் கெடக்கு?"

"மாமன் மடியில ஒக்காரவச்சுத்தான குத்தணும்? நீ எங்க போன?"

அவன் அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டான். "பந்து கெடைக்காதுன்னு ரெண்டாம் நாளே தெரிஞ்சுபோச்சு" என்றான். "மச்சான் ஊதாம எப்பிடிக் களத்த விட்டு வர்றது? ஊதுவாரு ஊதுவாருன்னு காத்துக் கெடக்கோம். ஊதியாச்சான்னு கேக்க வெக்கமா இருக்குன்னு பந்தக் கேட்டுக்கிட்டுத் திரியிறோம்."

அவள் திரும்பி இறங்கினாள். வீட்டில் முனியசாமி கழுத்து விசிலோடு உட்கார்ந்திருந்தார். அவள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "பந்து ஆட்டத்துலதான இருக்கு" என்று வழக்கம்போல ஆரம்பித்தார்.

"ரெண்டு நிமிசந்தானப்பா பாக்கி இருந்துச்சு. அது எப்ப முடிஞ்சுச்சு? சொல்லுங்க."

முனியசாமி சுவர்ப் படத்தைப் பார்த்தார். வாய் கோணிக்கொண்டு வந்தது. "அன்னைக்கே முடிஞ்சுபோச்சு ஆத்தா. ஒண்ணுக்கு ஒண்ணு, சமம். எனக்குத் தெரியும்." துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "என்னைக்காச்சும் அது கோலா எறங்கிறாதான்னு இருந்துட்டேன். அம்புட்டு அழகா ஒதச்சான்டி உன் மாமன். தராசு முள்ள ஒரு பக்கம் சாச்சுட்டேன்."

வேலுத்தாய்க்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அந்த அழகு என் காதையா கேட்டுச்சு?" என்றாள். அவர் கழுத்து விசிலைக் கையில் எடுத்தார். எழுந்து வாசலுக்குப் போனார். முதல் ஊதலில் வெறும் துருத்தூள்தான் வந்தது. இரண்டாவது ஊதலில் போடியில் மாட்டுவண்டிகள் நின்றன, ராசிங்காபுரத்தில் கிழவர்கள் எழுந்து கைதட்டினார்கள். "சமம்!" என்று முனியசாமி தெருவைப் பார்த்துக் கத்தினார்.

சாயங்காலம் பொன்னுமணி பதினோரு பேரையும் ஒரே நடையில் ஏற்றிவந்தான். இருபது பேரை ஏற்றுகிற ஜீப்புக்கு அது ஒரு லோடே இல்லை. ஐம்பது வயது ராக்கு, பதினெட்டு வயதுத் தம்பியை வாசலிலேயே வைத்து, "வெரசாவாடா வந்த?" என்று முதுகில் நான்கு போட்டுவிட்டுத்தான் கட்டிக்கொண்டாள். அவன் அடுத்த வாரமே தோட்ட வேலைக்குப் போனான். வானம் தெளிந்த நாட்களில் ஒரு தடவை அண்ணாந்து பார்ப்பான், அப்புறம் சோலியைப் பார்ப்பான்.

தை மாதம் ஒரே பந்தலில் காலையில் காதுகுத்தும் அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணமும் வைத்தார்கள். வேலுத்தாய் பட்டுச் சேலையோடு மாமன் மடியில் உட்கார்ந்தாள். தாலி கட்டக் காத்திருந்த பொன்னுமணி தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆசாரி ஊசியை எடுத்து, பழக்கதோசத்தில், "பிள்ளையக் கெட்டியாப் பிடிச்சுக்கப்பா" என்றார். சின்னமுத்து பிடித்துக்கொண்டான். ஊசி இறங்கியதும் வேலுத்தாய் வீறிட்டு அழுதாள். யாரும் அவளை அதட்டவில்லை; ராக்கு கொஞ்சம் சர்க்கரை எடுத்து மகள் வாயில் போட்டாள்.