ஜெபத்தின் இரண்டாம் பாதி

பொன்மணி ஜெபம் பண்ணாமல் ஒன்பதாம் நம்பர் ரூமுக்குள் ஒருத்தியும் கால் வைக்கமாட்டாள். தாயில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டுக்குள் இருக்கும் அந்தப் பட்டாசுக் கம்பெனியில் ஆறு வருசமாக இதுதான் வழக்கம். ரூமுக்கு நாலு பேர் என்பது சட்டம். அந்த நாலு பேரில் சின்னத்தாய் நெற்றி நிறையத் திருநீறு பூசி வருகிறவள். மாடத்தி செவ்வாய்க்கிழமை தவறாமல் மாரியம்மனுக்கு விளக்குப் போடுகிறவள். ஆனாலும் காலையில் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, பொன்மணி "ஏசப்பா" என்று ஆரம்பிக்கட்டும் என்று நிற்பார்கள்.

"எந்தச் சாமியா இருந்தா என்னத்தா, வெடிக்காம இருந்தாச் சரி" என்பாள் சின்னத்தாய்.

நாலாவது ஆள் பொன்மணியின் ஒரே மகள் அழகுமீனா. பிளஸ் டூ முடித்துவிட்டு, இந்த ஒரு சீசனுக்கு மட்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தவள்.

ஜெபம் பெரிதாக ஒன்றும் இருக்காது. "ஏசப்பா, சாயங்காலம் எங்க நாலு பேரையும் முழுசா எங்க வீட்டுக்குக் கொண்டுபோயி விடும்." வெளியே கேட்பது இவ்வளவுதான். மற்ற மூன்று பேரும் ஆமென் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். பொன்மணி மட்டும் இன்னும் கொஞ்சநேரம் உதட்டை அசைத்துக்கொண்டு நிற்பாள். அந்த இரண்டாம் பாதி அவளுக்கும் கர்த்தருக்கும் மட்டுந்தான் தெரியும். 'அப்பிடி விடலேன்னா, உம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரும்.' வெடிமருந்துக்கு நடுவில் உட்காரப் போகிறவர்கள் காதில் இதைச் சத்தமாகப் போட முடியுமா என்ன?

இந்த இரண்டாம் பாதி சும்மா வந்ததில்லை. அவள் புருசன் முனியராஜ் மருந்து கலக்கிக்கொண்டிருந்தவன். ஆறு வருசத்துக்கு முன்னால் வேறொரு கம்பெனியில் வெந்து, மதுரை ஆஸ்பத்திரியில் கொசுவலைக்குள் மூன்று நாள் கிடந்தான். "எனக்கு என்ன ஆவும், சொல்லு" என்று அந்த மூன்று நாளும் கேட்டான். "ஒண்ணும் ஆவாது, ஏசப்பா ஒங்கள நம்ம வீட்டுக்குக் கொண்டுபோயி விட்டுருவாரு" என்று இவளும் மூன்று நாளும் சொன்னாள். டாக்டர் முதல் நாளே கையை விரித்துவிட்டார். அது தெரிந்தும் சொன்னாள். மூன்றாம் நாள் மத்தியானம் அவன் கண்ணைத் திருப்பி இவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஏமாந்துபோன மனுசனின் பார்வை அது. போகிற இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலேயே அவனை அனுப்பிவைத்தாயிற்று. பாவி மகள், அதை நினைத்து அவள் அழாத நாள் கிடையாது.

போர்மேன் செல்லச்சாமியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கெட்டவன் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். பொன்மணி வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறவன், ஒரு நல்லது கெட்டது என்றால் முதல் ஆளாக வந்து நிற்பான். ஆனால் பயல் ஒரு காரியம் செய்தான். தினமும் ரூமைத் திறந்து, மேசையைப் பார்த்து, மிச்ச மருந்து கிடக்கிறதா, வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது அவன் வேலை. எட்டு ரூமுக்கு அதைப் பார்ப்பான். ஒன்பதாம் நம்பருக்கு மட்டும் பூட்டைத் திறந்துவிட்டுத் தூரத்தில் நின்றுகொண்டே, "ஜெபம் முடிஞ்சுதாக்கா? அப்ப உள்ள போங்க" என்று நோட்டில் ஒரு டிக் அடித்துவிட்டுப் போய்விடுவான்.

சனிக்கிழமை மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் மழை வந்தது. பொன்மணி அன்றைக்கு அரைநாள் லீவு. நாரணாபுரத்தில் ஒரு துக்க வீட்டுக்கு ஜெபத்துக்குப் போயிருந்தாள். ஞாயிறு கம்பெனி கிடையாது. திங்கட்கிழமை காலையில் வேன் வந்து இறக்கிவிட்டபோது வானம் வெளுத்திருந்தது, வெயில் அப்போதே முதுகில் ஏறியது. தீபாவளிக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

ஒன்பதாம் நம்பர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பொன்மணிக்கு மூக்கில் ஏதோ பட்டது. மாட்டுத்தொழுவத்தில் காலையில் வருமே, கண்ணைக் கரிக்கும் மூத்திர நெடி, அது. சுற்றிலும் பார்த்தாள். மாடும் இல்லை, தொழுவமும் இல்லை. கருவேலங்காடுதான் கிடந்தது.

முனியராஜ் ஒருநாள் சோறு தின்றுகொண்டே சொன்னது அவள் காதில் அப்படியே கேட்டது. "அலுமினியப் பொடி போட்ட மருந்து நனைஞ்சு மூடிக் கெடந்துச்சுன்னு வையி, உள்ளுக்குள்ளயே சூடேறும். தொழுவ நாத்தம் அடிக்கும். அந்த நாத்தம் வந்தா கையில உள்ளதப் போட்டுட்டு ஓடிரணும்."

பூட்டியிருந்த கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். வெயில் படாத மேற்குப் பக்கக் கதவு, ஆனாலும் வெதுவெதுப்பாக இருந்தது.

"ஏட்டி, சனிக்கெழம மழையில மருந்து உருண்டையெல்லாம் என்ன செஞ்சீக?" என்று மகளைக் கேட்டாள்.

"காயப்போட்டிருந்தத அள்ளி உள்ள வச்சோம்மா. பாதி நனைஞ்சுபோச்சு" என்றாள் அழகுமீனா. "செல்லச்சாமி மாமாதான் சாக்கப் போட்டு நல்லா மூடச் சொன்னாரு. நாந்தேன் மூடுனேன். நாலு சாக்கு."

பெருமையாகத்தான் சொன்னாள் பிள்ளை. வீட்டில் வடகத்தை மழைக்கு மூடுகிற மாதிரி மூடியிருக்கிறாள்.

செல்லச்சாமி சாவிக்கொத்தோடு வந்தான். "என்னக்கா நிக்கிறீக? பத்து மணிக்கு லாரி வந்துரும். லோடு நிக்குது. ஜெபத்தப் போடுங்க, போவோம்."

சின்னத்தாயும் மாடத்தியும் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்கள். அழகுமீனாவும் மூடிக்கொண்டாள். பொன்மணி முந்தானையைத் தொடவே இல்லை.

"நான் இன்னைக்கு ஜெபம் பண்ணமாட்டேன்" என்றாள்.

மூன்று பேரும் கண்ணைத் திறந்தார்கள்.

"மருந்து சூடேறிக் கெடக்கு செல்லச்சாமி. மோந்து பாரு. கதவத் தொறக்காத. மேனேசருக்குப் போன் போட்டு ஆளுகள எல்லாம் வெளிய எடுக்கச் சொல்லு."

அவன் மோந்து பார்த்தான். ஜலதோசம் பிடித்த மூக்கு, ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு ரூமிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன. அவனுக்கு ரோசம் வந்துவிட்டது.

"ஆறு வருசமாக் காப்பாத்துன ஒங்க ஏசுவுக்கு இன்னைக்கு லீவாக்கா? இம்புட்டுதானா ஒங்க நம்பிக்க?"

பொன்மணிக்கு அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. நம்பிக்கை இல்லையா எனக்கு? ஒரு நிமிசம் தடுமாறித்தான் போனாள். கண்ணை மூடி இரண்டு வார்த்தை சொன்னால் போதும், பெற்ற மகளிலிருந்து மூன்று பேரும் ஆமென் போட்டு உள்ளே போய்விடுவார்கள். மதுரையில் மூன்று நாள் சொன்ன அதே பொய்யை இன்னொரு தடவை சொன்ன மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

"நம்பிக்க இருக்குலே. அவரு பேரச் சொல்லிச் சாவுக்குள்ள தள்ளிவிட எனக்கு வாய் வராது. அவரு மூக்கக் குடுத்தது மோந்து பாக்கத்தான்."

சின்னத்தாய் தலையிலிருந்து முந்தானையை எடுத்தாள். "பொன்மணி ஜெபம் பண்ணலேன்னா நானும் போகலப்பா. ஒன் லோடு எங்கிட்டும் போகட்டும்" என்று சொல்லிச் செருப்பை மாட்டினாள். மாடத்தியும் மாட்டிக்கொண்டாள்.

செல்லச்சாமிக்கு முகம் செத்துப்போயிற்று. இத்தனை பேர் பார்க்க ஒரு பொம்பளை ஜெபம் பண்ணவில்லை என்று வேலை நின்றால் நாளைக்கு அவனை எவன் போர்மேன் என்பான்? "சரி, நீங்க போங்க. நானே சாக்க எடுத்து வெளிய பரத்திவிடுறேன். ரெண்டு நிமிச வேல" என்றான்.

பொன்மணி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒம் புள்ளைகள நெனச்சுப் பாருலே. போகாதய்யா."

"விடுங்கக்கா, ஒண்ணும் ஆவாது" என்று கையை உருவிக்கொண்டான். அவ்வளவு கோபத்திலும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பூட்டைத் திறந்தான். பழக்கம்.

பொன்மணி மகளின் தோளைப் பிடித்துத் தள்ளினாள். "ஓடு! எல்லாரும் வெளிய வாங்க, வேலிக்கு ஓடுங்க!" என்று கத்திக்கொண்டே ஒவ்வொரு ரூம் கதவையும் தட்டிக்கொண்டு ஓடினாள். பெண்கள் எழுந்து ஓடினார்கள். வேலியோரத்து வேம்பைத் தாண்டும்போது முதுகில் யாரோ இரண்டு கையாலும் அறைந்த மாதிரி காற்று வந்து மோதியது. சத்தம் அதற்கப்புறந்தான் கேட்டது. எல்லாரும் குப்புற விழுந்தார்கள். எழுந்து பார்த்தபோது ஒன்பதாம் நம்பருக்குக் கூரையும் இல்லை, சுவரும் இல்லை. வெள்ளைப் புகைதான் நின்றது.

அந்தப் புகைக்குள்ளிருந்து செல்லச்சாமி நடந்து வந்தான். வெந்த மனுசர்கள் அப்படித்தான் வருவார்கள், ஒன்றுமே நடக்காத மாதிரி. பத்தடி நடந்து வந்து உட்கார்ந்தான், பிறகு சாய்ந்தான்.

பொன்மணிதான் முதலில் ஓடினாள். மாடத்தியின் நூல் சேலை முந்தானையைக் கிழித்து நனைத்து அவன்மேல் போட்டாள். எங்கே தொடுவது என்று தெரியவில்லை. உள்ளங்காலில் மட்டும் தோல் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா" என்றான். குரல் தெளிவாகத்தான் வந்தது. "அந்தப் புள்ளைய ஒண்ணுஞ் சொல்லீராதீக. மூடச் சொன்னது நாந்தேன்."

"சொல்லமாட்டேன்யா."

"எனக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

சின்னத்தாய் பின்னாலிருந்து, "ஆவாதுன்னு சொல்லு, பொன்மணி! சொல்லேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அதே கேள்வி. ஆறு வருசம் கழித்து அதே கேள்வியை ஆண்டவர் திரும்பக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டிருந்தார். கழுத்து வரைக்கும் வந்த வார்த்தையைப் பொன்மணி விழுங்கிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியலய்யா. டாக்டருக பாப்பாக. ஆனா நீ எங்க போனாலும் தனியாப் போகமாட்ட."

அவன் அவளையே பார்த்தான். புரிந்துவிட்டது அவனுக்கு. பயத்தில் உதடு நடுங்கியது.

"அப்ப... அந்த ஜெபத்த இப்பவாச்சும் பண்ணுங்கக்கா."

ஆம்புலன்சில் அவள்தான் கூட ஏறினாள். அவன் பெண்டாட்டிக்குச் சொல்லிவிட ஆள் போயிருந்தது. வண்டி சிவகாசி ரோட்டில் ஏறியதும் பொன்மணி சத்தமாகவே ஆரம்பித்தாள். "ஏசப்பா, செல்லச்சாமிய முழுசா அவன் வீட்டுக்குக் கொண்டுபோயி விடும். அப்பிடி விடலேன்னா, உம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரும். சிலுவையில உம்ம பக்கத்துல தொங்குன கள்ளனக் கூட்டிட்டுப் போனீரே, அதே மாதிரி இவன் கையையும் பிடிச்சுக்கிரும்."

"ரெண்டாவது... இது புதுசா இருக்கேக்கா."

"புதுசு இல்லய்யா. தெனமும் சொல்றதுதான். ஒங்களுக்குக் கேக்காது."

வண்டி குலுங்கும்போதெல்லாம் முனகினான். பிறகு, "அந்த வீட்ட நீங்க பாத்திருக்கீகளா?" என்று கேட்டான்.

"நான் பாத்ததில்ல. கூட்டிட்டுப் போறவரத் தெரியும். அவரு பொய் சொல்லமாட்டாரு. அவருக்கும் செத்துப் பாத்த பழக்கம் உண்டு. எந்திரிச்சு வந்த பழக்கமும் உண்டு."

சிரிக்கப் பார்த்தான் போலிருக்கிறது, முகம் ஒத்துழைக்கவில்லை. நடுக்கம் மட்டும் மெல்ல மெல்ல அடங்கியது. "சரி. நான் அவரையே பிடிச்சுக்கிடுறேன்" என்றான். "அந்த ரெண்டாவத மட்டும் திரும்பச் சொல்லுங்க."

சொன்னாள். திரும்பச் சொன்னாள். அவனும் வாய்க்குள் கூடவே சொன்னான், 'உம்ம வீட்டுக்கு' என்ற இடம் வரைக்கும். சிவகாசி ஆர்ச்சு வருவதற்குள் அவன் சத்தம் நின்றுவிட்டது. உள்ளங்கால் இன்னும் சூடாகத்தான் இருந்தது. நர்ஸ் பிள்ளை அவன் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு, "நிறுத்துங்கம்மா, போதும்" என்றாள்.

பொன்மணி நிறுத்தவில்லை. முனியராஜுக்குச் சொல்ல வேண்டியதும் பாக்கி இருந்தது.