பேர் ஒன்று, போளி இரண்டு

சந்திரிகாவின் போளிக்கடைப் பக்கத்தை இன்ஸ்டாகிராமில் திறந்து பாருங்கள், கண்ணுகளா. முதலில் கண்ணில் படுவது ஒரு திட்டு. யாரோ மராத்தியில் எழுதினது. அதை அப்படியே படம் பிடித்து, புதுசாக எது வந்தாலும் கீழே இறங்காதபடி உச்சியில் பின் பண்ணி வைத்திருக்கிறாள். தன்னைத் திட்டினதைத் தானே வாசலில் மாட்டுவாளா ஒரு கடைக்காரி என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

சந்திரிகா பொள்ளாச்சிக்காரி. நாற்பத்தொரு வயது. ஊரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற இடத்தில் பன்னிரண்டு வருஷம் இருந்தவள். கணவர் ரவிசந்திரனுக்கு வேலை மாறி, இரண்டு பேரும் புனேக்கு வந்து கராடியில் எங்கள் பில்டிங்கில் மூன்றாவது மாடியில் குடியேறினார்கள். அவர் காலை ஏழு மணிக்குக் கம்பெனி கேப் ஏறினால் ஹிஞ்சேவாடி போய் இறங்க ஒன்பதரை ஆகும். திரும்பி வர ராத்திரி ஆகிவிடும். நடுவில் இருக்கிற நேரம் முழுக்க இவள், நாலு சுவர், அரைகுறை ஹிந்தி. எட்டு மாசம் அப்படி ஓடியது. லிஃப்டில் யாராவது பேசினால் சிரிப்பாள். அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியாது.

ஒரு நாள் தேங்காய்ப் போளி தட்டிப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தாள். எனக்கும் இரண்டு வந்தது. சூடாக, நெய் மினுங்க, ஏலக்காய் வாசனையோடு. முதல் போளியை நின்றுகொண்டே தின்றேன், இரண்டாவதற்கு உட்கார்ந்தேன்.

பில்டிங் கேட்டுக்கு எதிரே ஹர்ஷாவின் கிர்ணி இருக்கிறது. கிர்ணி என்றால் இங்கே மாவு மில். ஹர்ஷா மராத்திக்காரி, முப்பத்தைந்து வயது. அப்பாவின் மில்லைத் தனி ஆளாக ஓட்டுகிறாள், முடியெல்லாம் எப்போதும் மாவு. மில்லுக்கு முன்னால் நாலடிக்கு ஒரு மேடை சும்மா கிடந்தது. சந்திரிகாவின் போளியைத் தின்று பார்த்துவிட்டு அவள்தான் சொன்னாள்:

"சாயங்காலம் இங்கே ஒரு தவாவைப் போட்டு நில். தீபாவளி வரைக்கும் பார்ப்போம். கூட்டம் வந்தா இடம் உனக்கு. வரலைன்னா மோமோக்காரன் ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

இந்த ஏற்பாட்டைப் பேசி முடித்துக் கொடுத்தது ஃப்ளோரா. ஃப்ளோரா எங்கள் பில்டிங்தான், முதல் மாடி. தாத்தா காலத்திலேயே கிர்க்கி கன்டோன்மென்டுக்கு வந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். ஒரு பள்ளிக்கூட ஆபீசில் முப்பது வருஷ வேலை. மராத்தி தண்ணியாக வரும். தமிழ் பேசுவாள், ஒரு எழுத்துகூட வாசிக்க வராது.

"அவங்களைத் தாயின்னு கூப்பிடு, சந்திரிகா," என்றாள் ஃப்ளோரா.

"என்ன விட ஆறு வயசு சின்னவங்க. நான் எப்படிங்க்கா தாயின்னு கூப்பிடறது? அவங்களுக்குக் கோவம் வராது?"

"அரே, தாயி மத்லப் அக்கா. இங்கே சின்னவளா இருந்தாலும் மரியாதைக்கு அப்படித்தான். உன் அம்மா ஆக்கலை, பயப்படாதே!"

இப்படித்தான் கடை ஆரம்பித்தது. இனிமேல்தான் விஷயம்.

கடைக்கு ஒரு பக்கம் வேண்டுமே, சந்திரிகாவே ஆரம்பித்தாள். அவளுக்கு நல்ல கண். வாழையிலை வாங்க மார்க்கெட் வரை போவாள். இலை மேல் போளி, பக்கத்தில் பித்தளை டம்ளர், ஒரு முழம் மல்லிகைப்பூ. ஒரு படத்துக்கு நாற்பது எடுத்து, முப்பத்தொன்பதை அழிப்பாள். கீழே அழகான தமிழில், 'பொள்ளாச்சிப் பக்குவத்தில் தேங்காய்ப் போளி' என்று எழுதுவாள். ஹார்ட் குவிந்தது. முன்னூறு, நானூறு. சித்தப்பா பையன், ஜவுளிக்கடைத் தோழிகள், உடுமலைப்பேட்டைப் பெரியம்மா மருமகள் எல்லாரும் அள்ளிப் போட்டார்கள். அத்தனை பேரும் புனேயிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். மேடைக்கு முன்னால் வந்து நின்றது நாங்கள் நாலைந்து பேர்.

"இத்தனை பேருக்குப் பிடிச்சிருக்குங்க்கா, ஆனா ஒருத்தரும் வரமாட்டேங்கறாங்க," என்றாள் ஃப்ளோராவிடம்.

"வர்றவங்களுக்குப் படிக்கத் தெரியணும்ல? எனக்கே தெரியலை நீ என்ன எழுதியிருக்கேன்னு. மராத்தியிலே போடு."

இதைச் சொல்லிவிட்டு ஃப்ளோரா தம்பி மகள் கல்யாணத்துக்குப் பெங்களூர் கிளம்பிவிட்டாள். ஐந்து நாள். அவள் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. சந்திரிகா ஃபோனிலேயே தேடித் தேடி, எழுத்தைப் பார்த்துப் பார்த்து, மராத்தியில் ஒரு வரி எழுதினாள். இந்தத் தடவை இலையில்லை, பூவில்லை. தவாவில் ஆவி பறக்க ஒரு போளி, முழுசாக நெருங்கிப் பிடித்த படம். மேலே: 'சுடச்சுடப் போளி. வீட்டுச் சுவை. தினமும் ஆறு மணி முதல்.' கிர்ணிக்கு வழி. அதைக் கராடிக்காரர்கள் பார்க்கிற குரூப்புகளிலெல்லாம் போட்டாள்.

மறுநாள் ஆறு மணிக்குத் தெரு முனை வரை ஆள்.

என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்குகிற பையன்கள், பெண்கள், சில பேர் கையில் டிபன் டப்பா. சந்திரிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு மாவை எடுத்தாள். முதலில் நின்றவன், "பதினைந்து போளி. பாஜி என்ன இருக்கு?" என்றான் ஹிந்தியில். பாஜி என்றால் காய்க்கறி. போளிக்கு எதற்குக் காய்க்கறி என்று நினைத்தாள், எதற்கும் சிரித்துவைத்தாள். பதினைந்தைக் கட்டிக் கொடுத்தாள். அடுத்தவள் இருபது கேட்டாள். மூன்றாவது ஆள் அங்கேயே ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டான். முகம் மாறியது.

"இது இனிப்பா இருக்கே!"

"ஆமாங், தேங்கா, வெல்லம்," என்றாள் பெருமையாக.

உங்களுக்குப் புரிந்திருக்கும். புனேயில் போளி என்றால் சப்பாத்தி. நம்முடைய சாதாரணச் சப்பாத்தி. உள்ளே பூரணம் வைத்து இனிப்பாகத் தட்டினால்தான் அது புரண்போளி. மூலைக்கு மூலை 'போளி-பாஜி' என்று பலகை மாட்டி, வீட்டில் சமைக்க நேரமில்லாதவர்களுக்குச் சப்பாத்தியும் காயும் விற்கிறார்கள். அத்தனை பேரும் வேலை முடித்து, பசியோடு, ராத்திரிச் சாப்பாடு வாங்க வந்தவர்கள். தேங்காய்ப் போளியை வைத்துக்கொண்டு எதைத் தொட்டுத் தின்பார்கள்?

கூட்டம் முணுமுணுத்துக் கலைந்தது. சில பேர் கையில் இருந்ததைத் திருப்பி வைத்துவிட்டே போனார்கள். ஏன் போகிறார்கள் என்றுகூட அவளுக்கு விளங்கவில்லை. உள்ளிருந்து வந்த ஹர்ஷா சொல்லித்தான் தெரிந்தது.

அன்றைக்கே அந்தத் திட்டு வந்தது. 'போளி என்று கூப்பிட்டு இனிப்பைக் கொடுக்கிறார்கள். பாஜியும் கிடையாது. சுத்த ஃபஸவணூக்.' ஃபஸவணூக் என்றால் ஏமாற்று வேலை. எழுதினவன் பேர் மனோஜ். அதற்குக் கீழே நாற்பது பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். இரண்டு நாளில் கோதுமை அரைக்க வந்தவர்களே ஹர்ஷாவிடம், "உங்க வாசல்லதானே அந்த ஏமாத்துக் கடை?" என்று கேட்டுவிட்டார்கள்.

ஹர்ஷா நேராகப் பேசுகிறவள். "ஞாயிற்றுக்கிழமை மோமோக்காரன் இடத்தை அளக்க வர்றான். எனக்கு உன் மேலே கோபமில்லை. ஆனா என் அப்பா பேர் இருக்கிற மில் இது."

தீபாவளி வரை என்று இருந்த தவணை நாலு நாளாகச் சுருங்கியது. சந்திரிகாவுக்குச் சோற்றுக்குப் பஞ்சமில்லை, கண்ணுகளா. ஆனால் அந்த நாலடி மேடை போனால் இந்த ஊரில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட ஓர் இடம் இல்லை. மறுபடியும் லிஃப்டில் சிரிப்பதுதான்.

ஃப்ளோரா வந்து இறங்கினதும் இவள் படியிலேயே பிடித்து நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"பக்கத்தையே அழிச்சிடறேனுங்க்கா. என்ற மானமே போச்சு."

ஃப்ளோரா பெட்டியைக் கீழே வைத்து, ஃபோனை வாங்கிப் படித்தாள். படிக்கப் படிக்கத் தோள் குலுங்கியது. கடைசியில் படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

"சிரிக்கறீங்களா?"

"ஸாரி, ஸாரி. பதினைந்து போளி வாங்கிட்டுப் போனானே, அவன் தால் ஊத்திச் சாப்பிட்டிருப்பான், சோச், யோசிச்சுப் பாரு!"

சந்திரிகாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று நாளில் முதல் தடவை.

"டிலீட் பண்ணாதே," என்றாள் ஃப்ளோரா. "உன் வாழையிலை போட்டோவுக்கு இங்கே ஒரு ஆள் எழுதினானா? இவன் எழுதியிருக்கான். நாற்பது பேர் பேசறாங்க. அத்தனையும் கராடி ஆள். இவங்ககிட்டே பேசு."

வியாழக்கிழமை கிர்ணி வாசலில் வீடியோ எடுத்தார்கள். ஃப்ளோரா கையில் ஃபோன். சந்திரிகாவின் இடது கையில் ஹர்ஷாவின் மதியச் சாப்பாட்டிலிருந்து எடுத்த ஒரு சப்பாத்தி, வலது கையில் தேங்காய்ப் போளி. ஃப்ளோரா சொல்லிக்கொடுத்த மராத்தியை ஒவ்வொரு சொல்லாக வைத்தாள்.

"ஹீ துமச்சி போளி. ஹீ மாஜி போளி. நாவ் ஏக்." இது உங்கள் போளி, இது என் போளி, பேர் ஒன்று. "சூக் மாஜி." தப்பு என்னுடையது.

அந்த நேரம் பார்த்து, மில்லுக்குள்ளிருந்து ஹர்ஷா கத்தினாள்: "அதுக்கு மேலே தூப் லாவா, தாயி! தூப் லாவா!"

சந்திரிகாவின் முகம் வெளிறியது. கேமராவை மறந்து ஃப்ளோராவைப் பார்த்து, சுத்தத் தமிழில், "அய்யய்யோ, போளி மேல எதுக்குங்க்கா துப்பச் சொல்றாங்க?" என்றாள்.

மராத்தியில் தூப் என்றால் நெய், லாவா என்றால் தடவு. ஃப்ளோரா சிரித்த சிரிப்பில் ஃபோன் ஆடி, வானமும் மின்கம்பமும் விழுந்தன வீடியோவில். சிரிப்பு அடங்காமல் அவளே மராத்தியில் விளக்கம் சொன்னாள். ஹர்ஷா வெளியே ஓடி வந்து, விஷயம் தெரிந்து, மாவுக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்தத் துப்பற எடத்த வெட்டிப்போடுங்க்கா," என்று கெஞ்சினாள் சந்திரிகா.

"மற்ற எதை வேணா வெட்டறேன். அதை வெட்ட மாட்டேன்."

சிரித்து ஓய்ந்த பிறகு ஹர்ஷா இரண்டு போளியையும் கையில் வாங்கிப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, "அன்னிக்குப் பசியோட வந்து திரும்பிப் போனாங்களே, அவங்களை ஞாயித்துக்கிழமை வரச் சொல்," என்றாள். "எங்க போளியை நான் போடறேன். நீ பாஜி பண்ணு, உன் போளியையும் போடு. மாவு என் மில் மாவுதானே. பேர் எனக்கும்தான் போச்சு."

ஃப்ளோரா அதை மொழிபெயர்த்ததும் சந்திரிகா ஹர்ஷாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "தாயி," என்றாள்.

வீடியோவோடு அந்தத் திட்டைப் பிடித்த படத்தையும் சேர்த்து உச்சியில் வைத்தார்கள். அது ஃப்ளோராவின் யோசனை இல்லை, சந்திரிகாவுடையது. "என்ன தப்புன்னு தெரிஞ்சாத்தானுங்க்கா மன்னிப்பு புரியும்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை. உருளைக்கிழங்கு பாஜி ஒரு பெரிய அண்டா. ஹர்ஷா தேய்த்துப் போட, சந்திரிகா தட்டிப் போட, இரண்டு தவா. ரவிசந்திரனுக்குக் கேப்பில்லாத நாள் என்பதால் தட்டு எடுத்துக் கொடுக்கிற வேலை. ஆறு மணிக்கு ஒருவரும் இல்லை. ஆறேகாலுக்கு மோமோக்காரன் அளவு டேப்போடு வந்தான். சந்திரிகா அவனைப் பார்க்காமல் மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறரைக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். வந்ததும் ஒருத்தி, "தூப் லாவா, தாயி!" என்று கத்தினாள். பின்னாலிருந்து நாலு பையன்கள், "துப்பாதீங்க!" என்று தமிழில் பதில் கத்தினார்கள். நம்ம ஊர்ப் பையன்கள். அப்புறம் எண்ண முடியவில்லை. இரண்டு சப்பாத்தி, பாஜி, அதற்கு மேல் ஒரு தேங்காய்ப் போளி. அன்றைக்குத் திருப்பி வைத்துவிட்டுப் போனவர்களே இரண்டாவது போளி கேட்டார்கள். மோமோக்காரன் மேடையின் ஒரு முனையில் டேப்பை வைத்தான். மறுமுனைக்குப் போக ஆட்கள் வழிவிடவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தான், டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டான். அவன் முறை வந்தபோது ஹர்ஷா தட்டை நீட்டி, "ஜாகா நாஹி, தாதா. போளி ஆஹே," என்றாள். இடம் இல்லை அண்ணா, போளி இருக்கிறது.

கடைசியில் கண்ணாடி போட்ட ஒரு பையன், வரிசை முடிகிற வரை ஓரமாக நின்றிருந்தவன், தயங்கி வந்தான்.

"நான்தான் மனோஜ். அதை எழுதினது. அன்னிக்கு மதியமும் சாப்பிடலை, கோபத்திலே எழுதிட்டேன். இப்பவே எடுத்துடறேன்."

ஃபோனை எடுத்தவன் கையை சந்திரிகா தடுத்தாள். ஃப்ளோரா பக்கம் திரும்பினாள்.

"அக்கா, சொல்லுங்க இந்தத் தம்பிகிட்ட. அவர் எழுதலைன்னா எல்லாரும் மனசுக்குள்ள திட்டிட்டுப் போயிருப்பாங்க, நான் இன்னிக்கு வரைக்கும் என்ன தப்புன்னு தெரியாம நின்னுட்டிருப்பேன். அது அங்கயே இருக்கட்டும். முதல்ல அவர் சாப்பிடட்டும்."

ஃப்ளோரா சொன்னாள். அவன் காது வரை சிவந்து, தட்டை வாங்கிக்கொண்டு, "தேங்க்யூ, தாயி," என்றான்.

சந்திரிகா அவனுக்கு நெய்யை ஒரு கரண்டி கூடவே ஊற்றினாள். அப்புறம் ஃப்ளோராவிடம் மெதுவாக, "தாயின்னா அக்காங்கறீங்க, எங்கூர்ல அம்மாங்கறோம். எப்படி எடுத்துக்கிட்டாலும் எனக்குச் சந்தோசம்தானுங்க்கா," என்றாள்.

தீபாவளி போய் மாசங்கள் ஆகிவிட்டன. மேடையில் இப்போது இரண்டு தவா நிரந்தரம். அந்தத் திட்டு இன்னும் உச்சியில்தான் இருக்கிறது, கீழே அவள் மராத்தியில் எழுதின ஒரு வரியோடு. அந்த வரியை அவளே எழுதினாள். ஃப்ளோரா ஓர் எழுத்தை மட்டும் திருத்தினாளாம்.

'மனோஜ் தாதாவுக்கு நன்றி. பசித்தால் வாருங்கள்.'