நட்சத்திரத்துக்கு எந்தப் பக்கம்

அண்ணன் கண்ணை மூடுவதற்குள் அந்த மேகத்தை முதலில் பார்த்தவர் அவர்தான் என்று நிரூபித்தே தீருவேன் என்று தங்கை ஒற்றைக்காலில் நின்றாள். டாக்டர் ஏற்கெனவே கையை விரித்துவிட்டார். சர்க்கரை வியாதி பார்வையை முழுசாக வாங்கிக்கொண்டு, இப்போது சிறுநீரகத்துக்கு வந்திருந்தது. கண்ணாடிக் கடையில் ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்துச் சொல்கிறவளுக்குச் சொந்த அண்ணன் கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த ஆத்திரமும் சேர்ந்துகொண்டது.

மேகம் என்றால் மழை மேகம் இல்லை. வானத்தில் எங்கோ கிடக்கும் தூசி. தனக்கென்று வெளிச்சம் கிடையாது, பக்கத்து நட்சத்திரத்திடம் இரவல் வாங்கித்தான் மங்கலாகத் தெரியும். அண்ணன் இளவயதில் ஒரு வானாய்வு நிலையத்தில், வானத்தைப் படம் பிடித்த கண்ணாடித் தகடுகளை விளக்குமேசையில் வைத்து அளந்துகொண்டிருந்தார். ஒரு தகட்டில், நட்சத்திரத்துக்கு மேற்கே புகைபோல ஒன்றைப் பார்த்தார். நிலையத்தின் தலைவர் அவர் குறித்த இடத்துக்கே பெரிய தொலைநோக்கியைத் திருப்பினார். வெறும் இருட்டு. விரல் கறையைப் பார்த்து மேகம் என்கிறாயே என்று எல்லார் முன்னாலும் சிரித்தார்.

சில வருஷம் கழித்து, அதே நட்சத்திரத்தின் அருகே ஒரு மேகத்தை வெளிநாட்டுக்காரர் ஒருவர் கண்டுபிடித்ததாகச் செய்தி வந்தது. தன் மேகத்தைத் தலைவர்தான் அவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார் என்று அண்ணன் முடிவுகட்டினார். வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு வேலையை உதறினார். முழு அறிக்கையை அவர் படிக்கவே இல்லை, கோபம் அவ்வளவு. கட்டின பொண்டாட்டியைவிட அந்த மனுஷனைத்தான் இவர் அதிகம் நினைத்தார் என்று அண்ணி இன்றும் இடித்துக் காட்டுவாள்.

தங்கை அந்த அறிக்கையைத் தேடிப் பிடித்தாள். அந்த வெளிநாட்டுக்காரர் தன் சொந்தத் தகட்டில் பார்த்திருந்தார். தலைவரோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மேகம் நட்சத்திரத்துக்குக் கிழக்கே என்று எழுதியிருந்தார். அச்சுப் பிழையாகத்தான் இருக்கும் என்று அவள் பிடிவாதமாக நம்பினாள்.

கடை அடைத்ததும் நண்பர் ஒருவரின் மொட்டைமாடித் தொலைநோக்கியில் தானே பார்த்தாள். நேராக முறைத்தால் மறைந்துவிடுகிறது, ஓரக்கண்ணால் பார்த்தால் நட்சத்திரத்தருகே மூச்சுப்பட்ட கண்ணாடிபோல ஒரு மங்கல். தொலைநோக்கி இடவலம் மாற்றிக் காட்டும் என்பதால், வானத்தோடு சேர்த்து அதைத் திருப்பிக்கொண்டே இருக்கும் மோட்டாரை நிறுத்திப் பார்த்தாள். நிறுத்தினால் வானம் மேற்கே நகரும். மேற்கில் இருப்பதுதான் முதலில் பார்வையை விட்டுப் போகும். நட்சத்திரம் முதலில் போனது. மேகம் அதன் பின்னால் போனது. அப்படியென்றால் மேகம் கிழக்கேதான், அச்சுப் பிழை இல்லை.

பாதியை மட்டும் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டு மறுநாள் அண்ணனின் கட்டிலருகே உட்கார்ந்தாள்.

“அண்ணா, மேகம் இருக்கு. என் கண்ணால பாத்தேன்.”

அவர் முகத்தில் அவள் பல வருஷமாகப் பார்க்காத ஒரு சிரிப்பு வந்தது. அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். ஆனால் அளந்து பழகிய மனுஷன் கேட்காமல் இருப்பாரா?

“மோட்டாரை நிறுத்துனியா பாப்பா? எது முதல்ல போச்சு?”

பொய் சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை.

“நட்சத்திரம்.”

பிடித்திருந்த கையை அவர் விட்டார். பிறகு, தகட்டில் மருந்து பூசின பக்கத்தை மேலுக்குக் கீழாக மாற்றி வைத்துப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் கிழக்கு மேற்காகிவிட்டது என்று அடுத்தவர் தப்பைச் சொல்வதுபோலச் சொன்னார்.

முதலில் பார்த்தது நீதானே என்று அவள் மன்றாடினாள்.

“பாத்தா போதுமா? எங்க இருக்குன்னு சரியா சொன்னவன்தான் கண்டுபிடிச்சவன்.”

பிறகு அவராகவே சொன்னார்: தலைவர் செத்த அன்று நிலையத்திலிருந்து ஆள் விட்டுத் தன்னைக் கூப்பிட்டார்களாம். அந்தத் திருடன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பினாராம். தங்கைக்கே இது புதுச் செய்தி.

“அவர் வீட்ல யாராவது இருந்தா விசாரிச்சுச் சொல்லு. ஒரு வார்த்தை பேசணும்.”

விசாரிக்கிறேன் என்றாள். தலைவர் கல்யாணமே செய்துகொள்ளாத தனிக்கட்டை. அது அவளுக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும்.